சுவரில் தொங்கும் செந்நிறக் காவலன்

வீடொன்றை வாடகைக்குக் கொடுக்கும்போது நாம் எத்தனையோ விடயங்களைப் பேசி முடிவு செய்கின்றோம். மாத வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, மின்சாரத்துக்கு யார் பணங் கட்டுவது, கிணற்றடியை யார் கூட்டுவது, இரவில் எத்தனை மணிக்குப் படலை பூட்டுவது என்பனவெல்லாம் பேச்சில் வந்துவிடும். முற்றத்து மாமரத்தின் காய் யாருக்கு என்பதுகூடச் சில வீடுகளில் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதுண்டு. ஆயின், “இந்த வீட்டிலே நெருப்புப் பற்றினால் என்ன செய்வது?” என்ற ஒரு கேள்வியை மட்டும் வீட்டுக்காரரும் கேட்பதில்லை, குடியிருக்க வருபவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது அபசகுனம் என்று எண்ணுகின்றோமோ என்னவோ!

நாமும் அவ்வாறு இருந்தவர்களே. கல்லூரியிலே இரசாயனம் கற்பிப்பது எமது தொழில். எரிதல் என்றால் என்ன, அது நிகழ எவையெவை வேண்டும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். ஆயினும் எமது சொந்த வீட்டில் அந்தப் பாடத்தை ஒரு பிள்ளையின் கைக்காயத்திலிருந்துதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதனை மறைக்காது கூறினால் மற்றை வீட்டுக்காரருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஒன்பது ஆண்டுகள் தொங்கிய உருளை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பல்கலைக்கழகத்தை அண்டிய வீடுகள் பலவற்றில் வெளியூர் மாணவர்கள் அறை எடுத்துத் தங்குவது வழக்கம். எமது வீட்டின் பின்பத்தியிலும் இரண்டு அறைகளும் ஒரு சிறு குசினியும் உண்டு. 2014ஆம் ஆண்டில் அவற்றை முதன்முதலாக மாணவர் நால்வருக்குக் கொடுத்தபோது, நண்பரொருவரின் யோசனைப்படி தீயணைப்புக் கருவியொன்றை வாங்கி வந்தோம். இரண்டு கிலோகிராம் தூள் அடைத்த சிவப்பு உருளை. அடுப்பிலேதானே நெருப்பு இருக்கிறது என்று எண்ணி, அடுப்புக்கு நேர்மேலே சுவரில் ஆணியடித்து அதனை மாட்டினோம். எம் கடமை முடிந்தது என்று மனநிறைவும் கொண்டோம்.

அதன் பின்னர் அந்த உருளையை நாம் திரும்பிப் பார்க்கவில்லை. மாணவர்கள் வந்தார்கள், பட்டம் பெற்றுச் சென்றார்கள், புதியவர்கள் வந்தார்கள். அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து உருளை கறுத்தது. அதன் கழுத்திலே கைபிடித் துணி ஒன்று நிரந்தரமாகத் தொங்கியது.

2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்து இரவொன்றில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் வாழைக்காய் பொரிப்பதற்குத் தாச்சியில் எண்ணெயை வைத்துவிட்டு, தாயாரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புக்காக முற்றத்துக்குச் சென்றார். சில நிமிடங்களே கழிந்திருக்கும். திரும்பி வந்தபோது தாச்சியின்மேல் ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு நின்றது. அவர் அறிவுள்ள பிள்ளை. கருவி இருப்பதை அறிந்தவர். நெருப்புக்கு மேலாகக் கையை நீட்டி உருளையைக் கழற்றினார். முன்னங்கை வெந்தது. அந்த வேதனையோடும் ஊசியை இழுத்து, பிடியை அமுக்கினார். “புஸ்” என்ற சிறு ஓசையோடு ஒரு சிட்டிகைத் தூள் வந்தது, அவ்வளவுதான். உருளையின் அமுக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது.

இதற்குள் மற்றொரு மாணவர் வாளியிலே தண்ணீரோடு ஓடி வந்தார். கூச்சல் கேட்டு வந்த எம் மனைவியார் வாசலிலேயே அவரை மறித்து, “தண்ணி ஊத்தாதை தம்பி!” என்று சத்தமிட்டுவிட்டு, அடுப்பின் திருகியை மூடி, சோற்றுப்பானையின் அகன்ற மூடியைத் தாச்சிமேல் பக்கவாட்டாகத் தள்ளி மூடினார். நெருப்பு அடங்கிவிட்டது. எரிந்தது ஒரு திரைச்சீலை. கறுத்தது ஒரு சுவர். ஆனால் அந்தப் பிள்ளை கட்டுப்போட்ட கையோடு பரீட்சை எழுதினார்.

மறுநாள் கிளிநொச்சியிலிருந்து அவருடைய தாயார் வந்தார். கோபமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விடைபெறும்போது மட்டும், “சேரின்ர வீடெண்டபடியாத்தான் யோசியாமல் விட்டனாங்கள்,” என்றார். அந்த ஒரு வசனத்துக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றும் இல்லை.

இக்கருவி பிறந்த கதை

தீயணைப்புக் கருவி என்பது நேற்று வந்த பொருளன்று. கப்டன் ஜோர்ஜ் வில்லியம் மன்பி என்ற ஆங்கிலேயர் 1818ஆம் ஆண்டளவில், செப்புக் கலமொன்றில் மூன்று கலன் பொற்றாசியங் காபனேற்றுக் கரைசலை நிரப்பி, அமுக்கிய வளியினால் அதனைப் பீறிடச் செய்யும் கருவியை அமைத்தார். இன்றைய கைக்கருவிகளுக்கு அதுவே முன்னோடி. பின்னர் சோடியமிருகாபனேற்றுக் கரைசலும் கந்தகவமிலமும் கலந்து, அதிலே பிறக்கும் காபனீரொட்சைட்டு வாயு தண்ணீரைத் தள்ளும் கருவிகள் வந்தன. உருசியரான அலெக்சாந்தர் லோரன் எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பாகு நகரில் ஆசிரியராக இருந்தவர். எண்ணெய்த் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியாதென்பதைக் கண்டு, நுரையினால் மூடி அணைக்கும் முறையை வகுத்து 1904இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

எல்லாக் கண்டுபிடிப்புகளும் நன்மையாக முடியவில்லை. காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் ஒரு காலத்திற் கருவிகளில் அடைக்கப்பட்டது. அது சூட்டிலே நச்சு வாயுவாக மாறுவதனாற் கைவிடப்பட்டது. அதன் பின் புகழ்பெற்ற ஏலன் என்னும் பொருள்கள் வளிமண்டலத்தின் ஓசோன் படையை அரிப்பதாகத் தெரிந்தமையால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் வழியே, வளர்ந்த நாடுகளில் 1994இலும் ஏனைய நாடுகளில் 2010இலும் அவற்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகவே, பழைய வீட்டோடு சேர்ந்து வந்த பழைய உருளை யாரிடமேனும் இருப்பின், அதனை நம்பியிருத்தல் கூடாது. அதனைத் திறந்து பார்ப்பதும் ஆபத்து. கருவி விற்பவரிடமே ஒப்படைத்துவிடுதல் வேண்டும்.

எந்த நெருப்புக்கு எந்தக் கருவி?

நெருப்பு எரிவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஒட்சிசன். மூன்றில் ஒன்றை அகற்றினால் நெருப்பு அணையும். தண்ணீர் வெப்பத்தை அகற்றுகின்றது. மூடி ஒட்சிசனைத் தடுக்கின்றது. எரிவாயுத் திருகியை அடைப்பது எரிபொருளை நிறுத்துகின்றது. நான்காவதாக, எரிதலின் சங்கிலித் தாக்கத்தையே அறுக்கும் வழியும் ஒன்றுண்டு. தூட்கருவி பெரும்பாலும் அவ்வழியிலேயே வேலை செய்கின்றது.

பிரித்தானிய முறைப்படி நெருப்புகளை எழுத்துகளாற் பிரிப்பர். மரம், துணி, கடதாசி முதலியன எரிவது ஏ வகை. பெற்றோல், மண்ணெண்ணெய் முதலிய திரவங்கள் பீ வகை. சமையல் வாயு முதலியன சீ வகை. உலோகங்கள் டீ வகை. சமையல் எண்ணெய் எஃப் வகை. மின்சாரத்துக்குத் தனி எழுத்தில்லை. அதற்குரிய குறி மின்னற் கீற்றாகும். உருளைகள் யாவும் சிவப்பாகவே இருக்கும். அவற்றின்மீதுள்ள பட்டியின் நிறத்தைக்கொண்டு உள்ளே இருப்பதை அறியலாம். நீலப் பட்டி தூள். கறுப்புப் பட்டி காபனீரொட்சைட்டு. வெண்மஞ்சட் பட்டி நுரை. மஞ்சட் பட்டி சமையல் எண்ணெய்க்கான ஈர இரசாயனம். வேறு நிறப் பட்டியின்றி முழுதும் சிவப்பாயிருப்பது தண்ணீர்.

தண்ணீர்க் கருவியை மின்சாரத்தில் எரியும் பொருளுக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தலாகாது. ஒரு லீற்றர் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 லீற்றர் இடத்தைப் பிடிக்கின்றது. எரிகின்ற எண்ணெயிலே தண்ணீரை ஊற்றினால், அது எண்ணெயின் அடிக்குச் சென்று ஒரு கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். அன்றிரவு அந்த வாளித் தண்ணீர் தாச்சியில் விழுந்திருந்தால் இக்கட்டுரையை நாம் வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

தூட்கருவி பல வகை நெருப்புக்கும் பொதுவானது, விலையுங் குறைவு, ஆதலால் வீடுகளில் அதுவே மிகுதி. ஆனால் சிறிய அறையில் அது வெண்புகைபோல் எழுந்து கண்ணை மறைக்கும். மூச்சையும் முட்டச் செய்யும். மிக அருகில் நின்று தாச்சியை நோக்கி அடித்தால் அதன் வேகமே எரியும் எண்ணெயைச் சிதறச் செய்யும். ஆகவே எம் உருளை நன்னிலையில் இருந்திருப்பினும், அந்த நெருப்புக்கு மூடியே உகந்த கருவி. ஈர இரசாயனக் கருவியிலுள்ள பொற்றாசிய உப்பு, சூடான எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற படையாகி நெருப்பை மூடுகின்றது. வகுப்பிலே சவர்க்காரமாக்கம் என்று நாம் கற்பிக்கும் அதே தாக்கந்தான். சாதாரண வீட்டுக் குசினிக்கு அது இல்லாவிடினும், ஒரு மீற்றர் சதுரமான தீப்போர்வை ஒன்றும், தாச்சிக்கு அளவான மூடி ஒன்றும் இருத்தல் போதுமானது.

காபனீரொட்சைட்டுக் கருவி மின்சாதனங்களுக்கு ஏற்றது, பொருள்களைப் பழுதாக்காது. ஆனால் வெளிவரும் வாயு கடுங் குளிர்ச்சியுடையது. அதன் கறுப்புக் கொம்பை வெறுங்கையாற் பற்றினால் தோல் கருகும். அடைபட்ட சிற்றறையில் அடித்துவிட்டு அங்கேயே நிற்பதும் ஆபத்தாகும்.

எங்கே மாட்டுவது?

அடுப்புக்கு மேலே மாட்டியது நாம் செய்த முதற் பிழை. கருவி இருக்கவேண்டிய இடம், நெருப்புப் பிறக்கக்கூடிய இடத்துக்கும் வெளியே செல்லும் வாசலுக்கும் இடையில், வாசலை அண்டியதாகும். அதை எடுப்பதற்காக ஒருவர் நெருப்பை நோக்கிச் செல்லலாகாது. வாசலை நோக்கியே செல்லவேண்டும். அங்கே நின்று, நெருப்பு சிறியதாயிருந்தால் திரும்பி அணைக்கலாம். பெரியதாயிருந்தால் அப்படியே வெளியேறலாம்.

உயரமும் கவனிக்கத்தக்கது. நாலு கிலோகிராமுக்கு மேற்பட்ட கருவியின் கைபிடி நிலத்திலிருந்து சுமார் ஒரு மீற்றர் உயரத்திலும், அதற்குக் குறைந்த பாரமுள்ளதன் கைபிடி சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்திலும் இருப்பது பிரித்தானிய நியமம். எந்த வயதினரும் கழற்றக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து. அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும், கதவைத் திறந்தால் மறைந்துபோகும் மூலையில் மாட்டுவதும், களவு போய்விடும் என்று அறைக்குள் பூட்டி வைப்பதும் இல்லாமைக்குச் சமமாகும்.

மாதத்துக்கு ஐந்து நிமிடம்

கருவியை வாங்குவது ஒரு நாள் வேலை; பேணுவது ஆண்டு முழுவதற்குமான கடமை. வாடகை வாங்கும் நாளிலேயே இதனைச் செய்துவிடலாம் என்பது எம் அனுபவம். வாடகையும் மறவாது, கருவியும் மறவாது!

முதலாவதாக, அமுக்கமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா என்று பார்க்கவேண்டும். இடப்புறச் சிவப்பிலே நின்றால் அமுக்கம் குறைந்துவிட்டது. இரண்டாவதாக, காப்பூசியும் அதைக் கட்டியுள்ள முத்திரையும் இருந்தபடி இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். முத்திரை அறுந்திருந்தால் யாரோ பிடியை அமுக்கியிருக்கலாம். தூட்கருவியை ஒரு கணம் அமுக்கினாலும் அடைப்பிடத்திலே தூள் சிக்கி, வாயு சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். விளையாட்டாக ஒருமுறை அமுக்கிப் பார்த்த கருவியும் மீள நிரப்பப்படவேண்டிய கருவியே. மூன்றாவதாக, குழாயிலே வெடிப்போ அடைப்போ உண்டா என்று நோக்கவேண்டும். குளவியும் சிலந்தியும் அதற்குள் குடியேறுதல் எம் நாட்டில் அருமையன்று. நான்காவதாக, உருளையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். வெள்ளவத்தை, பருத்தித்துறை, திருகோணமலை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். அரித்த உருளையை மீள நிரப்புதல் கூடாது. அது அமுக்கத்தைத் தாங்காது வெடிக்கலாம்.

காபனீரொட்சைட்டுக் கருவிக்கு அமுக்கமானி கிடையாது. அதனை நிறுத்தே பார்க்கவேண்டும். உள்ளிருக்கும் வாயுவின் நிறையிற் பத்திலொரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மீள நிரப்பவேண்டும்.

இவை வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியவை. ஆண்டுக்கொருமுறை பயிற்சி பெற்ற ஒருவரைக்கொண்டு சோதித்து, அவர் திகதியிட்டுக் கையொப்பமிட்ட அட்டையைக் கருவியிற் கட்டவேண்டும். பிரித்தானிய நியமத்தின்படி தண்ணீர், நுரை, தூள் என்பவற்றை அடைத்த கருவிகளை ஐந்து ஆண்டுக்கொருமுறை வெறுமையாக்கி, உள்ளே சோதித்து, மீள நிரப்புவர். காபனீரொட்சைட்டுக் கருவியைப் பத்தாண்டுக்கொருமுறை அமுக்கச் சோதனைக்கு உட்படுத்துவர். நீண்ட காலம் அசையாது தொங்கும் உருளையில் தூள் அடியிலே இறுகிக் கட்டியாவதும் உண்டு. முள் பச்சையில் நின்றாலுங்கூட அத்தகைய கருவி வாயுவை மட்டுமே வெளிவிடும். எம் உருளையின் அட்டையில் 2014ஆம் ஆண்டுத் திகதி ஒன்றுதான் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் நாம் ஒரு பொய்யைச் சுவரில் மாட்டி வைத்திருந்தோம்.

இங்கிலாந்தின் சட்டம் சொல்வது

இலண்டனிலே வீடு வாங்கி அறைகளை வாடகைக்குக் கொடுக்கும் எம்மவர் பலர். அங்குள்ள உறவினர்க்கு இச்செய்தியை எழுதுவோரும் இருப்பர். எமக்கும் அது படிப்பினையாகும்.

இங்கிலாந்தில் ஒரே குடும்பத்துக்குக் கொடுக்கும் சாதாரண வீட்டில் தீயணைப்புக் கருவி வைத்தேயாகவேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. அது வற்புறுத்துவது புகை அறிவிப்பு மணியையே. 2015ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதியிலிருந்து, மனிதர் வாழும் ஒவ்வொரு மாடியிலும் ஒரு மணியேனும் இருத்தல் வேண்டும். குடியிருப்பு ஆரம்பமாகும் நாளில் அது வேலை செய்வதை வீட்டுக்காரர் சோதித்துக்கொள்ள வேண்டும். தவறினால் 5,000 பவுண் வரை தண்டம். 2022 ஒக்ரோபரிலிருந்து, மணி பழுதென்று குடியிருப்பவர் அறிவித்தால் அதனைத் திருத்தியோ மாற்றியோ கொடுப்பதும் வீட்டுக்காரரின் கடமையாயிற்று. சமையலடுப்பு தவிர்ந்த எரிசாதனங்கள் பொருத்திய அறைகளிற் காபனோரொட்சைட்டு அறிவிப்பு மணியும் வேண்டும்.

ஆயின், ஒரே குடும்பத்தைச் சேராத மூவரோ அதற்கு மேற்பட்டோரோ குசினியையும் குளியலறையையும் பொதுவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு விதி வேறு. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, அத்தகைய வீட்டின் வெளியேறும் வழிகளைத் தடையின்றி வைத்திருப்பதும், தீயணைப்புக் கருவிகளையும் அறிவிப்பு மணிகளையும் நன்னிலையிற் பேணுவதும் அவ்வீட்டை நடத்துபவரின் பொறுப்பு. எம்முடைய பின்பத்தி இலண்டனில் இருந்திருப்பின் இந்த வகையிலேயே அடங்கியிருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? பழக்கமில்லாத ஒருவர் கருவியோடு நெருப்பை எதிர்த்து நிற்பதைவிட, மணியோசை கேட்டு விழித்து, பிள்ளைகளோடு வெளியேறுவதே மேல் என்பது அச்சட்டத்தின் நோக்கு. 2017ஆம் ஆண்டு ஆனி மாதம் 14ஆந் திகதி இலண்டன் கிரென்பெல் மாடிக்கட்டடத்தில் நான்காம் மாடிக் குசினியிலே குளிர்சாதனப் பெட்டியொன்றிற் பிறந்த நெருப்பு, கட்டடத்தின் புறப்போர்வை வழியே மேலேறி, 72 உயிர்களைக் கொண்டது. சிறு நெருப்பு பெருநெருப்பாவதற்கு அதிக நேரம் செல்வதில்லை.

அணைப்பதா, வெளியேறுவதா?

வீடுகளில் உள்ள சிறு கருவி ஏறக்குறையப் பத்து விநாடிகளுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே அது கடதாசிக் கூடை அளவான நெருப்புக்கே உரியது. நெருப்பு ஆளுயரம் எழுந்தாலும், அறையிற் புகை நிறைந்தாலும், முதுகுப்புறத்திலே வெளியேறும் வாசல் இல்லாவிடினும், கருவியைப் போட்டுவிட்டு வெளியேறவேண்டும். வெளியேறும்போது கதவைச் சாத்தவேண்டும். அணைக்கலாம் என்று துணிந்தால், முதலிற் காப்பூசியை இழுத்து, குழாயை நெருப்பின் அடியை நோக்கிப் பிடித்து, பிடியை அமுக்கி, இடமும் வலமுமாக வீசவேண்டும். சுவாலையின் நுனியிலே அடிப்பதாற் பயனில்லை.

சமையல் வாயு கசிந்து மணத்தால், எந்த மின்னாழியையும் போடவோ நிறுத்தவோ கூடாது. அவ்வாயு வளியிலும் பாரமானது. நிலத்தையொட்டிப் பரவி நிற்கும். சிலிண்டரின் சீராக்கியை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, யாவரும் வெளியே செல்லவேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் எரிவாயு அடுப்புகளோடு தொடர்புற்ற வெடிப்புகள் எம் நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாடகைக் குசினியின் இறப்பர்க் குழாயையும் சீராக்கியையும் சோதிப்பது தீயணைப்புக் கருவியைச் சோதிப்பதற்கு மூத்த கடமை.

எம் வீடுகளுக்கே உரிய மற்றொரு அபாயமும் உண்டு. களவுக்கு அஞ்சி யன்னல்களுக்கு இரும்புக் கம்பி போடுகின்றோம். இரவிற் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போடுகின்றோம். திறப்பு யாருடைய தலையணையின் கீழிருக்கிறது என்பது மற்றவர்க்குத் தெரியாது. கம்பி போட்ட அறையிலே உறங்கும் பிள்ளைக்கு வாசல் ஒன்றுதான் வழி. ஆகவே உட்பக்கத்தில் திறப்பு இல்லாமலே திறக்கக்கூடிய தாழ்ப்பாள் இருத்தல் நன்று. இன்றேல், கதவண்டையிலே யாவரும் அறிந்த ஓரிடத்தில் திறப்புத் தொங்கவேண்டும்.

உடன்படிக்கையில் நாலு வரி

வாடகை உடன்படிக்கையிலே இவற்றுக்கும் நாலு வரி இடங்கொடுத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. கருவியை வாங்குவதும் ஆண்டுச் சோதனைக்குப் பணங் கொடுப்பதும் வீட்டுக்காரரைச் சேரும். அதனை இடம் மாற்றாதிருத்தல், விளையாட்டுக்கு அமுக்காதிருத்தல், பயன்படுத்தினாலோ பழுதுகண்டாலோ உடனே அறிவித்தல் என்பன குடியிருப்பவரைச் சேரும். நேர்மையாகப் பயன்படுத்திய கருவியை மீள நிரப்பும் செலவைக் குடியிருப்பவர்மேற் போடலாகாது. போட்டால், பழுதை மறைக்கும் எண்ணமே அவருக்குத் தோன்றும்.

புதியவர் குடிவரும் நாளிலே வீட்டுத் திறப்பைக் கையளிக்குமுன், கருவி இருக்கும் இடத்தையும் பயன்படுத்தும் முறையையும் பத்து நிமிடம் காட்டிக் கொடுக்கவேண்டும். தீயணைப்புப் படையின் தொலைபேசி இலக்கத்தை வாசலண்டையில் எழுதி ஒட்டவேண்டும். கொழும்பில் அது 110. ஏனைய இடங்களில் அந்தந்த நகரத்துப் படையின் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

“இதெல்லாம் வீண் செலவு; இவ்வளவு காலமும் என்ன நடந்துவிட்டது?” என்று கேட்பவர் உண்டு. அவர்களோடு நாம் வாதிப்பதில்லை. நாமும் ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். வீட்டை வாடகைக்கு விடுபவர் சுவரையும் கூரையையும் மட்டும் விடுவதில்லை. பிறர் பெற்ற பிள்ளைகள் இரவிலே அச்சமின்றிக் கண்மூடும் நம்பிக்கையையும் சேர்த்தே அவர் வாடகைக்கு விடுகின்றார்.

இப்பொழுது எம் பின்பத்தியில், குசினி வாசலுக்கு வெளியே, தோளுயரத்திற் புதிய உருளை தொங்குகின்றது. அடுப்பருகே பெரிய மூடியொன்று எப்போதும் இருக்கும். கூடத்துக் கூரையிலே சிறு புகை மணியொன்று பொருத்தியிருக்கின்றோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்குள்ள மாணவர்களுள் ஒருவர் அமுக்கமானியைப் பார்த்து, அட்டையிலே திகதியிட்டுத் தம் பெயரை எழுதுவார். நாமும் அருகில் நின்று பார்ப்போம். கைக்காயம் ஆறிப் பட்டமும் பெற்றுச் சென்ற அந்தப் பிள்ளை சென்ற ஆண்டு எம்மைப் பார்க்க வந்தபோது, நேரே பின்பத்திக்குச் சென்று அந்த முள்ளைத்தான் முதலிற் பார்த்தார். “பச்சையிலதான் நிக்குது, சேர்,” என்று சிரித்தார். அவருடைய முன்னங்கையிலே தழும்பு இன்னும் இருந்தது.

வாசகர்களுள் வீடு கொடுத்தவர்களும் வீடு எடுத்தவர்களும் இருப்பீர்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து சென்று உங்கள் வீட்டு உருளையின் முள்ளை ஒருமுறை பாருங்கள். உருளையே இல்லையென்றால், தாச்சிக்கு அளவான மூடி ஒன்று எங்கே இருக்கிறது என்றாவது பார்த்து வையுங்கள்.